செல்சி 3 – பி.எஸ்.ஜி 0: நூனோ மெண்டெஸின் முதுகுக்குப் பின்னால் கிடந்த இடம்

மணல்மைதானம்
14 யூலை 2025, காலை 6.10

இன்னும் தூங்கவில்லை. கண் எரிகிறது, ஆனால் இதை எழுதாமல் படுக்க முடியாது.

இங்கிலாந்தின் செல்சிக்கும் பிரான்சின் பரிஸ் சென் ஜெர்மேனுக்கும் (பி.எஸ்.ஜி) நடந்த கழக உலகக்கிண்ண இறுதியாட்டம் நமக்கு நள்ளிரவு 12.30க்குத் தொடங்கியது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் அப்போது பிற்பகல் 3 மணி, கொளுத்தும் வெயில். இங்கே திருகோணமலையில் கடற்கரையோரம் ஒரு வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி புரொஜெக்டரில் பார்த்தோம். நான் பயிற்சி கொடுக்கும் 16 வயதுக்குட்பட்ட பொடியன்கள், அவர்களின் தகப்பன்மார் சிலர், பக்கத்து வீட்டார். கச்சான் காற்று இரவிலும் ஓயவில்லை. வேட்டி பாய்மரம் மாதிரி ஊதிக்கொண்டு நின்றது. பந்து எங்கே போகிறது, வேட்டி எங்கே மடிகிறது என்றே தெரியவில்லை. கடைசியில் ஒரு பொடியனின் அப்பா வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கொண்டுவந்து கீழ்க்கரையில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகுதான் படம் அசையாமல் நின்றது.

விடிந்ததும் போனைத் திறந்தால் எல்லோரும் ஒரே கதை: பி.எஸ்.ஜி களைத்துப் போய்விட்டது, அதனால் தோற்றது. நான் அப்படி நினைக்கவில்லை. செல்சி முன்கூட்டியே ஓர் இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. அந்த இடம் பி.எஸ்.ஜியின் இடது பின்வரிசை வீரர் நூனோ மெண்டெஸின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

முதல் கோலைப் பாருங்கள், 22ஆவது நிமிடம். செல்சி வழக்கமாகக் கோல் காப்பாளரில் இருந்து குட்டிக் குட்டியாகப் பந்தைக் கடத்தி வரும் அணி. அன்றைக்குக் கோல் காப்பாளர் ரொபர்ட் சான்செஸ் நீளமாக உதைத்தார், வலப்பக்கம். மெண்டெஸ் பந்தைத் தவறவிட, செல்சியின் வலது பின்வரிசை வீரர் குஸ்தோ தட்டிக்கொண்டு ஓடினார். முதல் உதை ஒரு காலில் பட்டுத் திரும்பியது. திரும்பி வந்த பந்தைப் பின்னால் பால்மருக்குக் கொடுத்தார். பால்மர் இடது காலால் தள்ளிவிட்டார். உதைக்கவில்லை, தள்ளிவிட்டார்.

30ஆவது நிமிடம்: கொல்வில் பின்னால் இருந்து நீளப் பந்து, அதே வலப்பக்கம். பால்மர் உள்ளே வெட்டி, ஒரு பாசாங்கு காட்டி, அதே மூலையில் வைத்தார். 43ஆவது நிமிடம்: பால்மர் பந்தைக் கொண்டுவந்து ஜோவாவ் பெட்ரோவுக்குக் கொடுக்க, அவர் பி.எஸ்.ஜி கோல் காப்பாளர் டொனரும்மாவின் தலைக்கு மேலால் மெதுவாகத் தூக்கிப் போட்டார். இடைவேளைக்கு முன்னமே மூன்று.

களைத்துப் போன அணி ஒரே பக்கத்தால் மட்டும் உடையுமா? சொல்லுங்கள்.


திருக்கடலூரான்_பரிஸ்
14 யூலை 2025, காலை 8.45

அண்ணை, உங்கள் நேரத்துக்கு எழுதுகிறேன், எனக்கு இன்னும் விடியவில்லை. நானும் தூங்கவில்லை. பரிஸில் லா சப்பல் பக்கம் ஒரு கடையில் நாங்கள் இருபது பேர் நின்றே பார்த்தோம். மே 31 இரவு மியூனிக்கில் சம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டர் மிலானை 5–0 என்று அடித்தபோது இதே கடையில்தான் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதோம். நேற்று இரண்டாவது கோலுக்குப் பிறகு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் கொத்துரொட்டி போடும் தகடு மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மற்றப் பாதிக்குச் சில விஷயங்கள். காலிறுதியில் ஜேர்மனியின் பயேர்னுக்கு எதிராக எங்களுக்கு இரண்டு சிவப்பு அட்டை, ஒன்பது பேரோடுதான் ஆட்டத்தை முடித்தோம். அதில் ஒருவர் வில்லியன் பாச்சோ. அவர் அரையிறுதிக்கும் இல்லை, இறுதிக்கும் இல்லை. மெண்டெஸ் மேலே போகும்போது அவருடைய இடத்தை ஓடி மூடுகிறவர் பாச்சோதான். நேற்று அங்கே நின்றவர் பெரால்டோ. நல்ல வீரர், ஆனால் அந்த வேகம் கிடையாது. பிறகு, செல்சி அரையிறுதியை 8ஆம் திகதி விளையாடியது, நாங்கள் 9ஆம் திகதி. ஒரு நாள் ஓய்வு குறைவு.

மெண்டெஸைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். இந்த வருடம் லிவர்பூலின் சாலாவை நிறுத்தியவர், ஆர்சனலின் சாகாவை நிறுத்தியவர். யூன் மாதம் போர்த்துக்கல் அணிக்காக நேஷன்ஸ் லீக் இறுதியில் ஸ்பெயினின் யமாலை நிறுத்தி, தானே கோலும் போட்டவர்.


நீலச்சட்டை10
14 யூலை 2025, காலை 9.20

ஒரு நாள் ஓய்வை வைத்து மூன்று கோலுக்குக் கணக்குக் காட்ட முடியாது அண்ணா. செல்சியும் மே 28 வரைக்கும் விளையாடியதுதானே? போலந்தில் கொன்பரன்ஸ் லீக் இறுதி, ஸ்பெயினின் பெட்டிஸை 4–1. உங்களுக்கு மூன்று நாள் முன்னால், அவ்வளவுதான். இரண்டு அணிக்கும் ஒரே நீளமான பருவகாலம், ஒரே வெயில்.

இன்னொன்று. இறுதிக்கு முன் ஆறு ஆட்டத்தில் பி.எஸ்.ஜி வாங்கியது ஒரே ஒரு கோல். அரையிறுதியில் ரியல் மட்ரிட்டையே 4–0. களைப்பு என்றால் நான்கு நாளைக்கு முன் அது எங்கே போனது?

ஆட்டம் முடிந்து செல்சி பயிற்றுவிப்பாளர் மரெஸ்கா சொன்னார், முதல் பத்து நிமிடத்திலேயே வென்றுவிட்டோம் என்று. அந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். ஆளுக்கு ஆள் பிடித்தார்கள். பி.எஸ்.ஜியின் நடுக்கள வீரர் வித்தீனியாவுக்குத் திரும்பவே இடமில்லை. வழக்கமாக வலது பின்வரிசையில் நிற்கும் ரீஸ் ஜேம்ஸ் கைசேடோவுக்குப் பக்கத்தில் நடுக்களத்தில் நின்றார். பெட்ரோ நெட்டோ இடது முன்களத்தில் இருந்துகொண்டு பி.எஸ்.ஜியின் வலது பின்வரிசை வீரர் ஹகிமி எங்கே போனாலும் பின்னாலேயே ஓடினார்.


பழைய_கோல்காப்பாளர்
14 யூலை 2025, முற்பகல் 10.40

பிள்ளைகளே, நான் ஏகாம்பரம் மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவில் பல வருடம் நின்றவன். அந்த இடத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்கிறேன்.

பால்மரின் இரண்டு கோலும் டொனரும்மாவின் பிழையல்ல. கோல் காப்பாளர் பந்தைப் பார்த்துப் பாய்வதில்லை, உதைப்பவனின் காலைப் பார்த்துப் பாய்கிறான். கால் பின்னால் போகும்போதே நாங்கள் ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிடுவோம். பால்மரின் கால் பின்னால் போவதே இல்லை. பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்து கொடுப்பது போல உள்பாதத்தால் விடுகிறார். அதோடு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். அவ்வளவு உயரமான மனிதன் நிலத்தோடு வருகிற பந்துக்கு விழுந்து சேர நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பால்மர் கொடுக்கவில்லை.

இன்னொரு நினைவும் வருகிறது. 1981 டிசம்பர் 13, தோக்கியோ. அப்போது ஐரோப்பியக் கழகமும் தென்னமெரிக்கக் கழகமும் ஒரேயொரு ஆட்டத்தில் மோதும். லிவர்பூல் ஐரோப்பாவின் வெற்றியாளர், எதிரே பிரேசிலின் பிளமெங்கோ. லிவர்பூல் இலேசாக வெல்லும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 3–0, பிளமெங்கோ. மூன்று கோலும் இடைவேளைக்கு முன்: நூனெஸ் இரண்டு, அதிலியோ ஒன்று. பிளமெங்கோவின் சீக்கோ கோல் போடவில்லை, ஆனால் ஆட்டம் முழுவதும் அவர் காலில்தான் இருந்தது. இங்கே நாங்கள் அதைப் பேப்பரில் வாசித்துத்தான் அறிந்தோம், வாசித்துவிட்டு அச்சுப்பிழை என்று சண்டை பிடித்தோம். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தது பல வருடம் கழித்து என் மகன் கணினியில் போட்டுக் காட்டியபோதுதான். நேற்று இடைவேளைக்கு அணிகள் உள்ளே போகும்போது அதுதான் கண்ணுக்கு முன் வந்து நின்றது.


கிண்ணியா_நானா
14 யூலை 2025, முற்பகல் 11.15

ஐயா சொன்ன தோக்கியோ காலத்தில் ஆசியக் கழகத்துக்கு அந்தக் கிண்ணத்தில் இடமே இருக்கவில்லை. அதனால்தான் 32 அணிகளோடு நடத்திய இந்த முறையை நான் வரவேற்கிறேன். காசுக்காக நடத்துகிறார்கள், வீரர்களைப் பிழிகிறார்கள் என்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் யூலை 1 காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து ஆறரைக்கு ரீவியைப் போட்டவன் நான். சவூதியின் அல் ஹிலால் மன்செஸ்டர் சிற்றியை மேலதிக நேரத்தில் 4–3 என்று வென்றது. அல் ஹிலால் கோல் காப்பாளர் போனோ அடுத்தடுத்துத் தடுத்ததை என் வாப்பா எழும்பி நின்று பார்த்தார். முழங்கால் வலியோடு இருக்கிற மனிதர்.

நியூசிலாந்தின் ஒக்லண்ட் சிற்றியையும் மறக்கக்கூடாது. பகலில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சி எடுக்கிறவர்கள். பயேர்னிடம் 10–0 வாங்கினார்கள். அதோடு ஊருக்குப் போகவில்லை. கடைசி ஆட்டத்தில் ஆர்ஜென்டினாவின் பொக்கா ஜூனியர்ஸோடு 1–1. அந்தக் கோலைத் தலையால் போட்ட கிறிஸ்டியன் கிரே ஆசிரியத் தொழிலுக்குப் படிக்கிறவர். கிண்ணியாவிலும் மூதூரிலும் கடை பூட்டிவிட்டு, வயலால் வந்து, பூட்ஸ் போடுகிற பொடியன்களுக்கு அந்த ஒரு கோல் எவ்வளவு பெரிது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நேற்றைய நடுவர் அலிரேசா பகானியும் ஈரானில் பிறந்தவர், இப்போது ஆஸ்திரேலியாவின் நடுவர். 2015 கழக உலகக்கிண்ண இறுதியாட்டத்துக்கும் அவர்தான் நடுவர்.


பாலையூற்று9
14 யூலை 2025, பிற்பகல் 1.05

அண்ணாமாரே, ஒருவரும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் நடந்ததைப் பேசவில்லையே. பி.எஸ்.ஜியின் ஜோவாவ் நெவெஸ் செல்சியின் குக்கரெல்லாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். நடுவர் வீடியோவைப் பார்த்துவிட்டு நேரடிச் சிவப்பு அட்டை கொடுத்தார். எங்கள் வீட்டில் அண்ணன்மார், தோற்கிற கோபத்தில் செய்ததுதானே, மஞ்சள் போதாதா என்றார்கள். போதாது.

நான் பெண்கள் அணியில் முன்களத்தில் விளையாடுகிறேன். இரட்டைப் பின்னல். ஒரு தடவை, எந்த அணி என்று சொல்ல மாட்டேன், பந்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் இருந்து பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். கழுத்து பின்னால் மடிந்து விழுந்தேன். நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தேன். அம்மா எண்ணெய் போட்டுப் போட்டு உருவிவிட்டார். அதற்குப் பிறகு ஆட்ட நாளில் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுத்தான் இறங்குகிறேன். நேற்று அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. 81,000 பேர் பார்க்கிற மைதானத்தில் அதைக் குற்றம் என்று காட்டினார்களே, அது போதும்.


சீனக்குடா
14 யூலை 2025, பிற்பகல் 1.30

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இரண்டாம் பாதியில் சான்செஸ் பி.எஸ்.ஜியின் டெம்பலேயின் உதையைத் தடுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கோலாகியிருந்தால் 3–1, ஆட்டம் திரும்பியிருக்கும். சிறந்த கோல் காப்பாளர் விருது சும்மா கிடைக்கவில்லை.


இடது3
14 யூலை 2025, பிற்பகல் 3.50

சேர், நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். நேற்று முன்வரிசையில் உங்கள் காலடியில் இருந்து பார்த்தேன். முதல் கோல் விழுந்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் பார்க்கவில்லை.

போன மாதம் நாங்கள் தோற்ற ஆட்டத்தில் இரண்டு கோலும் என் பக்கத்தால்தான் வந்தன. நான் மேலே போயிருந்தேன். அன்றிலிருந்து மேலே போகப் பயமாக இருக்கிறது. பந்து கிடைத்தால் உடனே உள்ளே கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறேன். நூனோ மெண்டெஸுக்கே இப்படி நடக்கிறது என்றால் நான் போகாமல் இருப்பதுதானே நல்லது?


பழைய_கோல்காப்பாளர்
14 யூலை 2025, பிற்பகல் 4.15

தம்பி, என் காலத்தில் பின்வரிசை என்றால் பின்வரிசைதான். நடுக்கோட்டைத் தாண்டினால் பயிற்றுவிப்பாளர் வெளியே கூப்பிட்டுவிடுவார். நீ முதலில் உன் வாசலைப் பார். பிறகு மேலே போகலாம்.


திருக்கடலூரான்_பரிஸ்
14 யூலை 2025, மாலை 5.30

ஐயா, வயதுக்கு மரியாதை தந்து சொல்கிறேன், இதை நான் ஏற்க மாட்டேன். மெண்டெஸும் ஹகிமியும் மேலே போகாமல் நின்றிருந்தால் பி.எஸ்.ஜி மியூனிக்குக்கே போயிருக்காது. அந்த இறுதியில் முதல் கோலைப் போட்டதே ஹகிமி, வலது பின்வரிசைக்காரர்.

தம்பி, நேற்று நடந்ததை நான் இப்போது திரும்ப முழுதாகப் பார்த்தேன். காலையில் பாச்சோ இல்லாததைச் சொன்னேன். அது உண்மை, ஆனால் அது மட்டுமல்ல. மெண்டெஸுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள், பால்மரும் குஸ்தோவும். ஒருவரைப் பிடித்தால் மற்றவர் விடுபடுகிறார். அவருக்கு உதவிக்கு இறங்கி வர வேண்டியவர்கள் நேரத்துக்கு வரவில்லை. நான் பி.எஸ்.ஜிக்காரன், எனக்கு இதைச் சொல்ல வலிக்கிறது. அது ஒரு ஆளின் ஓட்டையல்ல. அந்தப் பக்கமே ஓட்டை.

நீலச்சட்டை தம்பி, களைப்பு என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் முன்கள வீரர் டூவேக்கு 0–0 இருக்கும்போது கோலுக்கு நேரே ஒரு வாய்ப்பு வந்தது. உதைக்காமல் ஹகிமிக்குக் கொடுக்கப் போய்க் குக்கரெல்லா மறித்துவிட்டார். அதை உதைத்திருந்தால் என்ற ஒரு நினைப்பு மட்டும் எனக்குள் கிடக்கட்டும்.


நீலச்சட்டை10
14 யூலை 2025, மாலை 5.55

பெரிய மனது அண்ணா. எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. குழு ஆட்டத்தில் செல்சி பிளமெங்கோவிடம் 3–1 தோற்றபோது நான் மரெஸ்காவை எவ்வளவு திட்டினேன் என்று என் மச்சானைக் கேட்டால் சொல்வான். அதே மனிதர்தான் இந்த இறுதிக்குத் திட்டம் போட்டவர். பால்மரை நடுவில் இருந்து வலப்பக்கம் நகர்த்தி, பந்தை நீளமாகப் போடச் சொல்லி, தன் அணியின் வழக்கத்தையே ஒரு நாளைக்கு மாற்றினார்.

ஜோவாவ் பெட்ரோ அணியில் சேர்ந்தே இரண்டு கிழமை ஆகவில்லை. அரையிறுதியில் தான் வளர்ந்த பிரேசிலின் புளுமினென்சே கழகத்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டும் கொண்டாடாமல் கையைத் தூக்கிக் கும்பிட்டார். எனக்கு அந்தப் பொடியனைப் பிடித்ததே அதனால்தான்.


மணல்மைதானம்
14 யூலை 2025, இரவு 7.20

இப்போதுதான் எழும்பினேன். இடது3, உனக்குத்தான் எழுதுகிறேன்.

நேற்று நான் உன்னைத் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கோல் விழுந்த நேரம் எனக்கு என்னைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. போன மாத ஆட்டத்தில் உன்னை மேலே போகச் சொன்னவன் நான். நீ போனால் அந்த இடத்தை யார் பார்ப்பது என்று ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. நீ போனதும் நடு பின்வரிசைக்காரன் நடுவிலேயே நின்றான், பின்வரிசைக்கு முன்னால் நடுக்களத்தில் நிற்கும் 6ஆம் இலக்கக்காரன் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிரணி அதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. ஆட்டம் முடிந்து உன்னை எல்லோரும் ஏசும்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், எல்லோரும் வாசிக்கிற இடத்திலேயே கேட்கிறேன்.

நீ மேலே போவதை நிறுத்தக்கூடாது. உன் கால்தான் எங்கள் அணியின் பலம். நீ போகும்போது 6 உன் இடத்துக்கு நகர வேண்டும், நடு பின்வரிசை இரண்டு அடி உன் பக்கம் சாய வேண்டும், இடது முன்களத்தில் நிற்பவன் பந்து பறிபோன அந்த நொடியிலேயே திரும்பி ஓட வேண்டும். வியாழன் பின்னேரம் நாலரைக்கு இதை மட்டும்தான் செய்யப் போகிறோம். கோல் காப்பாளர் நீளமாக உதைப்பான், உன் முதுகுக்குப் பின்னால், திரும்பத் திரும்ப. முப்பது தடவை.

ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் கோல் காப்பாளனுக்கு நிலத்தோடு வருகிற பந்துக்கு விழத் தெரியவில்லை. நீங்கள் பால்மரின் காலைப் பற்றி எழுதியதை அவனுக்கு நேரில் சொல்லித் தர முடியுமா?


பழைய_கோல்காப்பாளர்
14 யூலை 2025, இரவு 7.45

வருகிறேன். முழங்கால் விடாது, ஆனால் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டால் இருந்து சொல்லிக் கொடுப்பேன். மேலே போவது பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனாலும் தம்பி போகும்போது மற்றவர்கள் நகர்வதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.


இடது3
14 யூலை 2025, இரவு 8.10

சேர், வியாழன் நாலரைக்கு வருவேன். 6ஆம் இலக்கக்காரனுக்கும் இதை வாசித்துக் காட்டிவிட்டேன், அவனும் வருகிறானாம்.

அப்பா உங்களிடம் சொல்லச் சொன்னார்: வேட்டியில் கட்டின ஈயக்குண்டை இன்றிரவே எடுத்துவரட்டாம். விடியப்புறம் வலை போடப் போகிறார்.